தோட்டத்து ரயில்: கேட்பது நீங்கள், தோண்டியவன் நான்

போன இதழில் என் வீட்டுப் பின்தோட்டத்தில் ஓடும் மாடல் ரயிலைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். நாலைந்து கடிதம் வரும் என்று நினைத்தேன், ஆசிரியர் ஒரு கட்டையே அனுப்பிவைத்திருக்கிறார். அதில் பாதி "மொத்தம் எவ்வளவு செலவாச்சு?" என்ற ரகம். அதற்கு இங்கே பதில் கிடையாது, இந்த இதழை என் மனைவியும் படிக்கிறார்.

அந்தப் பக்கத்தைப் படிக்காதவர்களுக்கு: நான் தென்காசிக்காரன், இப்போது இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் பக்கம். தோட்டம் 9 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம். 45 மி.மீ. கேஜ் (இரண்டு கம்பிக்கும் நடுவே உள்ள இடைவெளி) தண்டவாளத்தை இதுவரை மூன்று முறை போட்டிருக்கிறேன். முதல் முறை மண்மேல், இரண்டாவது முறை மரத்தின்மேல், இப்போது கல்லின்மேல். மாதிரியாக எடுத்துக்கொண்டது சின்ன வயதில் ஜன்னலோரம் உட்கார்ந்து போன செங்கோட்டை - புனலூர் மலைப்பாதை. 1904-இல் திறந்த அந்தப் பாதையில் மீட்டர் கேஜ் வண்டி 2010-இல் நின்றுவிட்டது. இப்போது அகலப் பாதை வண்டி ஓடுகிறது. நான் பார்த்த பழைய வண்டி இனி என் தோட்டத்தில் மட்டும்தான், அதுவும் மழை இல்லாவிட்டால்.

சார், எங்கள் பின்தோட்டம் 8 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம். நடுவில் துணி காயப்போடும் கம்பம் வேறு. இதில் ரயில் விட முடியுமா? எந்த கேஜ் வாங்குவது?
- வாசகர், ஹாரோ

தாராளமாக விடலாம். கம்பத்தை எடுக்கச் சொல்லி வீட்டில் சண்டை போட வேண்டாம், அதைச் சுற்றியே ஓடட்டும்.

கேஜ் விஷயம். தோட்டத்தில் பெரும்பாலும் புழங்குவது இரண்டு அளவு. ஒன்று 45 மி.மீ. ஜெர்மனியின் நியூரம்பெர்க்கில் லேமன் நிறுவனம் 1968-இல் எல்ஜிபி என்ற பெயரில் வெயில் மழை தாங்குகிற ரயிலை இந்தத் தண்டவாளத்தில்தான் கொண்டுவந்தது. அளவு 1:22.5. அதாவது 45 மி.மீட்டரை 22.5-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய ஒரு மீட்டர் வரும், நம்ம ஊர் மீட்டர் கேஜ்! எனக்கு இந்தப் பித்து பிடித்ததே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்றைக்குத்தான். இன்னொன்று 32 மி.மீ. பிரிட்டனில் ஓர் அடிக்கு 16 மி.மீ. என்று வைத்து, 1:19 அளவில் செய்கிறார்கள். அது இரண்டடிப் பாதைக்குச் சரியாக வரும். வேல்ஸ் மலைகளில் சிலேட்டுக்கல் இறக்கிய ரயில்கள், டார்ஜிலிங் ரயில் எல்லாம் அந்தக் குடும்பம்.

இதில் எது உயர்ந்தது என்று கேட்டால் சண்டைதான் வரும். சின்னத் தோட்டத்தில் உங்களுக்காக முடிவு எடுப்பது வளைவு, கேஜ் அல்ல. கடையில் வாங்கும் ரயில் செட்டோடு வரும் வளைவுத் துண்டுகளின் ஆரம் 60 செ.மீ. பன்னிரண்டு துண்டு சேர்ந்தால் ஒரு முழு வட்டம், 1.3 மீட்டர் இடத்தில் அடங்கிவிடும். ஆசையாக இருக்கும். வாங்காதீர்கள், அல்லது வாங்கி கிறிஸ்துமஸ் மரத்தைச் சுற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். அந்த 60 செ.மீட்டரை 22.5-ஆல் பெருக்கினால் 13.5 மீட்டர். நிஜ மீட்டர் கேஜில் 100 மீட்டர் ஆரமே கடும் வளைவு. நீளமான பெட்டி அதில் திரும்பும்போது நடுவயிறு உள்ளே தள்ளிக்கொண்டு, முனை இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டு, பஸ் சந்துக்குள் திரும்புகிற மாதிரி இருக்கும். உரசலில் எஞ்சின் சக்தியை இழக்கும். 5 மீட்டர் அகலம் இருக்கிறதே, 1.2 மீட்டர் ஆரம் போடுங்கள். இரண்டு பக்கமும் நடக்க இடம் விட்ட பிறகும் 2.6 மீட்டரில் திரும்பிவிடும். இரட்டைப் பாதை, மூன்று ஸ்டேஷன், பாதை பிரிகிற பாயின்ட் எட்டு என்று காகிதத்தில் வரைந்திருப்பீர்கள், எல்லோரும் வரைவோம். ஒரே பாதை, ஒரு கிராஸிங் ஸ்டேஷன், வண்டி ஒதுங்கி நிற்க ஒரு சைடிங் போதும். மிச்ச இடத்தில் செடி இருந்தால்தான் வண்டி எங்கிருந்தோ வந்து எங்கேயோ போகிற மாதிரித் தெரியும்.

பாதை தன்னையே பாலத்தில் தாண்டுகிற மாதிரி, எட்டு வடிவில் போட ஆசை. என் தோட்டம் உங்களுடையதைவிடச் சின்னது.
- வாசகர், லூட்டன்

கணக்கு இடம் தராது. கீழே போகும் வண்டியின் உயரம், பாலத்தின் தடிமன் எல்லாம் சேர்த்து 25 செ.மீ. ஏற வேண்டும். ஏற்றம் மீட்டருக்கு 2 செ.மீ. என்று வைத்தால் ஏற 12.5 மீட்டர், இறங்க 12.5 மீட்டர். என் பாதையின் மொத்தச் சுற்றே 18 மீட்டர்தான். ஏற்றத்தைக் கூட்டினால் எஞ்சின் இரண்டு பெட்டியோடு மூச்சு வாங்கும், அதுவும் வளைவில் ஏற்றம் வந்தால் இன்னும் மோசம். எட்டு வேண்டுமென்றால் தரைமட்டத்திலேயே குறுக்கே வெட்டிக்கொள்ளும் டயமண்ட் கிராஸிங் போடுங்கள்.

அண்ணா, போன கோடையில் புல்லை வெட்டி எடுத்துவிட்டு மண்ணை நன்றாக மிதித்துச் சமப்படுத்தி, அதன்மேல் தண்டவாளம் போட்டேன். பிரமாதமாக ஓடியது. குளிர்காலம் முடிந்து பார்த்தால் ஏணியும் பாம்பும் மாதிரி இருக்கிறது. எங்கே தப்பு?
- வாசகர், க்ராய்டன்

"மண்ணை" என்ற இடத்தில் தப்பு. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன், கிட்டத்தட்ட எல்லோரும் அப்படித்தான்.

மண் மூன்று வேலை செய்யும். மழையில் ஊறி உப்பும், வெயிலில் காய்ந்து சுருங்கும், குளிரில் உள்ளே இருக்கும் தண்ணீர் உறைந்து பெருத்துத் தண்டவாளத்தைத் தூக்கும். தண்ணீர் ஐஸாகும்போது கொள்ளளவு சுமார் 9 சதவீதம் கூடும். உங்கள் பாதை முழுக்க ஒரே அளவு தூக்கினால் பரவாயில்லை. ஈரம் அதிகமான இடத்தில் அதிகம், சுவரோரம் குறைவு. அதுதான் உங்கள் ஏணியும் பாம்பும். லண்டன் பக்கம் களிமண் வேறு, கோடையில் விரல் நுழைகிற அளவுக்குப் பிளக்கும்.

தரையிலேயே வேண்டுமென்றால் நிஜ ரயில்வே செய்வதைச் செய்யுங்கள். 15 செ.மீ. ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி, அடியில் களை தடுக்கும் துணி விரித்து, மேலே உடைத்த ஜல்லி. கவனிக்கவும், உடைத்த ஜல்லி. ஆற்றுக் கூழாங்கல் மாதிரி உருண்டையாக இருந்தால் ஒன்றின்மேல் ஒன்று உருண்டு பாதை நழுவும், மூலை மூலையாக இருக்கும் கல்தான் ஒன்றையொன்று கடித்துப் பிடிக்கும். கீழே கொஞ்சம் பெரிய கல், மேலே பொடி ஜல்லி, நடுநடுவே தண்ணீர் தெளித்துக் கெட்டித்து, ரசமட்டம் வைத்துப் பார்த்து, அதன்மேல் தண்டவாளத்தைச் சும்மா உட்காரவைத்து ஸ்லீப்பர் (தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக்கட்டை) இடுக்கில் ஜல்லியை நிரப்புங்கள். திருகு, ஆணி எதுவும் வேண்டாம். வருடம் ஒருமுறை தாழ்ந்த இடத்தில் தூக்கிக் கொஞ்சம் ஜல்லி தள்ளினால் சரியாகிவிடும். நிஜ ரயில்வேயில் கேங்மேன்கள் காலம் காலமாகச் செய்த வேலை இதுதான், நீங்கள் குத்துக்காலிட்டுச் செய்யப்போகிறீர்கள்.

அந்தக் குத்துக்கால்தான் என் பிரச்சினையாகிவிட்டது. ஐம்பது தாண்டிய முட்டிக்கு ஒரு பெட்டியைத் தண்டவாளத்தில் ஏற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அதனால் இரண்டாவது முறை மரக்கால் நட்டு, மேலே பலகை அடித்து, கூரைக்குப் போடும் தார்த்தாள் ஒட்டினேன். பொடிக்கல் பதித்த அந்தத் தாள் தூரத்திலிருந்து பார்த்தால் அசல் ஜல்லிப் படுகை மாதிரியே இருக்கும், அது ஒரு வசதி. ஆனால் சாதாரண மரக்கால் மண்ணும் காற்றும் சந்திக்கும் கோட்டில்தான் அழுகும். மேலே உறுதி, கீழே உறுதி, நடுவில் ரொட்டி. என்னுடையது ஐந்தாவது குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை காலை எஞ்சினோடு சேர்த்துச் சாய்ந்தது. மரம்தான் போடுவேன் என்றால் காலை நேராக மண்ணில் புதைக்காமல் இரும்பு ஷூவில் நிறுத்துங்கள், அல்லது மறுசுழற்சி பிளாஸ்டிக் கால் கிடைக்கிறது.

மூன்றாவது முறை கான்கிரீட் பிளாக் அடுக்கி, 60 செ.மீ. உயரத்துக்கு இரண்டு வரிசைச் சிறு சுவர். நடுவில் செடிக்கு மண், சுவரின் தலையில் பாதை. அடியில் அஸ்திவாரத்துக்குச் சோம்பல்படவில்லை. சுவருக்குக் கீழ்வரிசையில் தண்ணீர் வடிய ஓட்டை விட மறந்துவிட்டுப் பிறகு டிரில் வைத்துப் போட்டேன். நீங்கள் முதலிலேயே விடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே தேங்கும் தண்ணீர் சுவரை வெளியே தள்ளும். இப்போது ஸ்டூலில் உட்கார்ந்து வண்டி விடுகிறேன், கண்மட்டத்துக்கு வண்டி வருகிறது, அது ஒரு தனி சுகம்.

இங்கே டொரொன்டோவில் குளிர் உங்களைவிட அதிகம். உங்கள் கல் சுவர் இங்கே நிற்குமா?
- வாசகர், ஸ்கார்பரோ

உங்கள் ஊரில் உறைபனி போகும் ஆழத்துக்கு வீட்டு அஸ்திவாரமே 1.2 மீட்டர் தோண்டுகிறார்கள். பொம்மை ரயிலுக்காக அவ்வளவு தோண்டினால் பக்கத்து வீட்டுக்காரர் போலீஸுக்குச் சொல்வார். உங்களுக்கு மேலே சொன்ன ஜல்லிப் படுகைதான். பாதை மிதந்துகொண்டு இருக்கட்டும், பனியோடு ஏறி வசந்தத்தில் இறங்கட்டும், ஏப்ரலில் ஒரு வாரக்கடைசி ரசமட்டத்தோடு உட்காருங்கள். எதோடும் இறுக்கிப் பிடிக்காத பாதைக்குச் சேதம் குறைவு.

கோவையில் வீட்டின் முன்னால் சின்னத் தோட்டம் இருக்கிறது. ஊட்டி ரயிலையே செய்யலாமா? பல்சக்கரம் உட்பட?
- வாசகர், கோவை

எனக்கு வந்ததிலேயே நல்ல கேள்வி. கேஜ் பிரச்சினையே இல்லை, நீலகிரி ரயில் மீட்டர் கேஜ், 45 மி.மீட்டரில் அப்படியே உட்காரும். இன்னொரு பொருத்தமும் உண்டு: ஊட்டி வண்டியை இழுத்த பழைய நீராவி எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்தவை, தோட்ட ரயில் கடைகளில் சுவிஸ் மீட்டர் கேஜ் மாடல்களும் நிறையக் கிடைக்கின்றன. அச்சு அசல் ஊட்டி எஞ்சினைப் பெட்டியில் வாங்கலாம் என்று எண்ண வேண்டாம், ஆனால் சுவிஸ் பெட்டிகளுக்கு நீலமும் கிரீமும் அடித்து ஜன்னலைக் கொஞ்சம் மாற்றினால் பார்க்கிறவர் "அட, மேட்டுப்பாளையம் வண்டி" என்பார்.

பல்சக்கரமும் முடியும். ஸ்லீப்பர்களின் நடுவே பொருத்துகிற பல்தண்டவாளமும் அதற்கேற்ற எஞ்சினும் எல்ஜிபி விற்றிருக்கிறது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே நிஜப் பாதையின் உச்ச ஏற்றம் 12.28-க்கு 1, அதாவது மீட்டருக்கு 8 செ.மீட்டருக்கும் கொஞ்சம் மேல். உங்கள் தோட்டத்தில் 3 மீட்டர் நீளத்தில் 24 செ.மீ. ஏறிவிடலாம். மேலே லூட்டன்காரருக்கு முடியாது என்று சொன்ன உயரம் கிட்டத்தட்ட உங்களுக்கு மூன்றே மீட்டரில் கிடைக்கிறது! ஒன்றே ஒன்று: நிஜ வண்டி மாதிரியே எஞ்சினை இறக்கத்துப் பக்கம், அதாவது பெட்டிகளுக்குக் கீழே நிறுத்தித் தள்ள விடுங்கள். இழுக்க விட்டு ஒரு கொக்கி கழன்றால் பெட்டிகள் கேட் வரைக்கும் போய்விடும்.

உங்கள் ஊரில் கவலை குளிர் இல்லை, வெயில். மலிவான பிளாஸ்டிக் ஸ்லீப்பர் சில வருடத்தில் பொரபொரவென்று உதிரும், புற ஊதாக் கதிர் தாங்கும் ரகம் என்று கேட்டு வாங்குங்கள். மரம் போட்டால் கறையான், அதனால் மரம் வேண்டாம். கொத்தனாரை வைத்து ஹாலோ பிளாக்கில் ஒரு சின்னத் திண்ணை மாதிரிக் கட்டச் சொல்லி, வடகிழக்குப் பருவமழைக்குத் தண்ணீர் வாட்டம் மட்டும் சரியாகப் பார்த்துக்கொண்டால் எங்களைவிட வருடத்தில் அதிக நாள் வண்டி விடுவது நீங்கள்தான்.

கோடையில் மத்தியானம் பார்த்தால் என் நேர்ப்பாதை வளைந்து நிற்கிறது, சாயங்காலம் நேராகிவிடுகிறது. பேயா?
- வாசகர், சவுத்தால்

பித்தளை. 10 மீட்டர் பித்தளைத் தண்டவாளம் 50 டிகிரி வித்தியாசத்துக்கு ஏறக்குறைய 9.5 மி.மீ. நீளும். 50 டிகிரியா என்று யோசிக்காதீர்கள், ஜனவரி விடியலில் பூஜ்யத்துக்குக் கீழே போகும் அதே தண்டவாளம் ஜூலை வெயிலில் தொட்டால் கை சுடும். அலுமினியம் இன்னும் அதிகம், 11.5 மி.மீ. வரும்; எஃகு 6 மி.மீ. நீங்கள் இரண்டு முனையையும் சுவரில் முட்டவைத்து, நடுவில் எல்லா ஸ்லீப்பரையும் திருகி வைத்திருப்பீர்கள். நீளுகிற பித்தளை எங்கே போகும், பக்கவாட்டில்தான். ஒன்றரை மீட்டருக்கு ஒரு திருகு போதும், அதையும் முழுக்க இறுக்காதீர்கள். இணைப்புகளில் 1 மி.மீ. இடைவெளி விடுங்கள். குளிர்நாளில் பாதை போடுவதாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கூட. வளைவுகளுக்கு இந்தக் கவலை குறைவு, வளைவு தானே கொஞ்சம் விரிந்து கொடுத்துவிடும்.

காலையில் வண்டி நகரவே மாட்டேன் என்கிறது, துடைத்தால் ஓடுகிறது, அடுத்த வாரம் மறுபடி அதே கதை. எப்போதும் துடைத்துக்கொண்டேதான் இருக்க வேண்டுமா? நீராவி எஞ்சினுக்கு மாறிவிடலாமா?
- வாசகர், லெஸ்டர்

பித்தளையின்மேல் படியும் கறுப்பு மின்சாரத்தைத் தடுக்கும். அதோடு பனித்துளி, இலைச்சாறு, நத்தை போன தடம். தண்டவாளத்தில் மின்சாரம் விடுகிற வரைக்கும் துடைப்பது வேலையின் ஒரு பகுதி. பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரை ஒரு கட்டையில் ஒட்டி, நீளக் கைப்பிடி போட்டுக்கொள்ளுங்கள், நின்றபடியே தேய்க்கலாம். உப்புத்தாள் வேண்டாம், கீறலில் அழுக்கு இன்னும் நன்றாக உட்காரும். ஆனால் துடைத்த பிறகும் தோட்டத்தின் கடைசி மூலையில் மட்டும் வண்டி தளர்கிறது என்றால் குற்றம் அழுக்கில் இல்லை, இணைப்பில். தண்டவாளத்தைச் சேர்க்கும் அந்தச் சின்ன உலோகத் தகட்டுக்குள் ஈரம் புகுந்துவிடும். நான் எல்லாத் தகட்டையும் எடுத்துவிட்டுத் திருகிப் பிடிக்கும் கிளாம்ப் போட்டேன், சில இடத்தில் சின்னச் செம்புக் கம்பியைப் பற்றவைத்துப் பாலம் கொடுத்தேன். இன்னொன்று, டிரான்ஸ்ஃபார்மர் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். தோட்டத்துக்கு வர வேண்டியது 24 வோல்ட்டுக்கு மேற்படாத மின்சாரம் மட்டும், 230 வோல்ட் வயர் ஈரப்புல்லில் கிடக்கக்கூடாது.

நான் கடைசியில் பேட்டரிக்குப் போய்விட்டேன். எஞ்சினுக்குள்ளோ பின்னால் ஒரு பெட்டியிலோ நாலு லித்தியம் செல், ஒரு ரேடியோ ரிசீவர், கையில் ரிமோட். தண்டவாளம் எவ்வளவு அழுக்கானாலும் கவலை இல்லை. பேட்டரியை மட்டும் வெயில் காயும் தகர ஷெட்டில் வைக்காதீர்கள். சார்ஜ் போட்டுவிட்டு ஊருக்கும் போகாதீர்கள்.

நீராவி? வாருங்கள், ஆனால் அதையும் சோம்பலுக்காகத் தேர்ந்தெடுக்க முடியாது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் நீராவி எண்ணெய், பிறகு காய்ச்சி வடித்த தண்ணீர், கடைசியில் பியூட்டேன் கேஸ். கேஸ் நிரப்பும்போது கொஞ்சம் வெளியே சீறும். பக்கத்தில் இன்னொருவர் எஞ்சின் பற்றவைத்து நின்றால் தள்ளிப் போய் நிரப்புங்கள். அழுத்தம் ஏறி 40 பிஎஸ்ஐ பக்கம் வந்ததும் சேஃப்டி வால்வு புஸ்ஸென்று சத்தம் போடும், அந்தச் சத்தத்துக்கும் சூடான எண்ணெய் வாசனைக்கும் இருபது முப்பது நிமிட ஓட்டத்துக்கும்தான் இத்தனை பாடு. எனக்கு அது தென்காசி ஸ்டேஷன் வாசனை, வேறென்ன சொல்ல. ஒரு எச்சரிக்கை: நீராவி எஞ்சின்கள் பலவற்றில் சக்கரங்கள் ஒன்றுக்கொன்று மின்சாரத் தடுப்பு இல்லாமல் இருக்கும். மின்சாரம் ஓடும் பாதையில் அதை வைத்தால் ஷார்ட் ஆகும். முதலில் சுவிட்சை அணையுங்கள்.

பாதையின் முனையில் ஒரு சுற்றுப் போட்டு, வண்டி திரும்பி அதே பாதைக்கு வருகிற மாதிரி அமைத்தேன். பாயின்ட்டைத் தொட்டதும் மின்சாரம் போய்விடுகிறது.
- வாசகர், ரெடிங்

இடது தண்டவாளம் சுற்றிவந்து வலது தண்டவாளத்தோடு சேர்கிறது, அதாவது பாசிட்டிவும் நெகட்டிவும் கைகுலுக்குகின்றன. சுற்றின் ஒரு பகுதியை, உங்கள் முழு வண்டியைவிட நீளமாக, இரண்டு தண்டவாளத்தையும் இரண்டு பக்கமும் துண்டித்துப் பிளாஸ்டிக் இணைப்பு போட்டுத் தனியாக்கி, அதற்குத் தனி வயர் கொடுத்து, வண்டி உள்ளே இருக்கும்போது வெளிப்பாதையின் பாசிட்டிவையும் நெகட்டிவையும் இடம் மாற்றுங்கள். பேட்டரி வண்டிக்கு இந்தத் தலைவலியே கிடையாது.

நான் யாழ்ப்பாணம், வேலைக்காகக் கொழும்பில் இருந்தபோது களனிவெளிப் பாதையின் சின்ன ரயிலில் போவேன். அதைச் செய்ய 45-ஆ 32-ஆ?
- வாசகர், ஈஸ்ட் ஹாம்

அந்தப் பழைய பாதை இரண்டரை அடி, 762 மி.மீ. 1:19 அளவில் செய்தால் 40 மி.மீ. தண்டவாளம் வேண்டும், கடையில் கிடைக்காது. 45 மி.மீட்டரில் ஓட்ட வேண்டுமென்றால் ஏறக்குறைய 1:17, வண்டி பூதாகரமாக இருக்கும், உங்கள் வளைவில் திரும்பாது. 32 மி.மீ. எடுத்துக்கொள்ளுங்கள், 762-ஐ 32-ஆல் வகுத்தால் 23.8. அதாவது 1:24 அளவில் பெட்டி கட்டினால் கேஜ் கச்சிதம். 1:24-இல் பொம்மை வீட்டுச் சாமானும் மாடல் கார்களும் ஏராளம், ஸ்டேஷன் வாசலில் நிறுத்த ஒரு பழைய மொரிஸ் மைனர் தேடிப் பாருங்கள். இதே வகுத்தலை இந்திய அகலப் பாதைக்குச் செய்தால் ஏமாற்றம்தான், 1676 மி.மீட்டரை 1:32 ஆக்கினால் 52 மி.மீட்டருக்கும் மேல் வரும், அதற்கு ஆயத்தத் தண்டவாளம் இல்லை.

என் கணவர் மூன்றாவது தடவையாகத் தோட்டத்தைத் தோண்டுகிறார். என் ரோஜாச்செடி ஏற்கெனவே போய்விட்டது. இதற்கு ஒரு முடிவு உண்டா? செடியாவது அவர் விட்டுவைக்க என்ன நடலாம்?
- வாசகி, மில்டன் கீன்ஸ்

அம்மா, ரோஜாவுக்கு என் அனுதாபம். அவர் தோண்டுவது நிற்காது, ஆனால் சின்னதாக்கலாம். பாதையை ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் துண்டுகளாகக் கழற்றி எடுக்கிற மாதிரிப் போடச் சொல்லுங்கள், சிமெண்டில் ஸ்லீப்பரைப் புதைக்கவே விடாதீர்கள். நான் ஒருமுறை அப்படிப் புதைத்து, பிறகு சுத்தியும் உளியும் வைத்து எடுத்தபோது நாலில் ஒரு பங்கு தண்டவாளம் நெளிந்து குப்பைக்குப் போனது. திருகில் இருந்தால் ஒரு மதியத்தில் ஒரு வளைவை மாற்றிவிட்டு மாலை டீக்கு முன்னால் வண்டி விட்டுவிடலாம், மற்ற தோட்டம் அப்படியே இருக்கும்.

செடிக்கு வருவோம். ரயில் 1:22 என்றால் இலையும் அந்த விகிதத்துக்குப் பக்கத்தில் இருந்தால்தான் கண் ஏமாறும். படரும் தைம் என்ற வாசனைச் செடி வையுங்கள், மிதித்தாலும் சாகாது, குளிர் தாங்கும், பூத்தால் மலைச்சரிவு மாதிரி இருக்கும், ரசத்துக்குத்தான் உதவாது. குட்டையான சீடம் என்ற சதைப்பற்றுச் செடி வகைகள் கல்லிடுக்கில் தானே பிழைக்கும். மரத்துக்குக் குட்டை ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம், மெதுவாக வளரும். வருடம் ஒருமுறை அடிக்கிளைகளை வெட்டித் தண்டு தெரியவிட்டால் நூறு வருட மரம் மாதிரித் தெரியும். பாசி மாதிரிப் படரும் சொலைரோலியா என்ற சின்னக் கொடியை மட்டும் யாராவது ஆசையாகக் கொடுத்தால் வாங்காதீர்கள், பார்க்க அழகு, இரண்டு வருடத்தில் ஸ்டேஷனையே விழுங்கிவிடும். ரோஜாவை வேலியோரம் தொட்டியில் வையுங்கள், தொட்டியை அவரால் தோண்ட முடியாது.

பிளாக்பேர்ட் என்கிற கறுப்புப் பறவை உங்கள் தோட்டத்துக்கும் வரும். புழு தேடி ஜல்லியை வாரி வாரித் தண்டவாளத்தில் எறியும். வண்டி கிளம்பும் முன்னால் ஒரு சுற்று நடந்து பார்ப்பது உங்கள் கணவரின் வேலை என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

பழைய எல்ஜிபி ரயில் செட் ஒன்று ஒருவர் விற்கிறார். அந்தக் கம்பெனியே மூடிவிட்டதாமே, வாங்கலாமா?
- வாசகர், ஹேய்ஸ்

2006-இல் நொடித்தது உண்மை, அடுத்த வருடம் மேர்க்லின் என்ற இன்னொரு ஜெர்மன் மாடல் ரயில் நிறுவனம் வாங்கி இன்னும் நடத்துகிறது. வாங்கலாம். எஞ்சினைத் திருப்பிப் பார்த்துச் சக்கரத்தின் பூச்சு தேய்ந்து பித்தளை மஞ்சள் தெரிகிறதா என்று பாருங்கள், முன்னும் பின்னும் ஐந்து நிமிடம் ஓடவிட்டு டக் டக் சத்தம் கேட்கிறதா என்று கேளுங்கள், கேட்டால் பல்சக்கரம் விரிசல். பழைய தண்டவாளம் கறுத்துப்போய் இருந்தால் விலையைக் குறையுங்கள், தேய்த்தால் புதுசுதான்.

படத்தில் உங்கள் பாலத்தைப் பார்த்தேன். ஆரியங்காவைத் தாண்டித் தென்மலைக்குப் போகும் வழியில் இருக்கிற பதின்மூன்று கண் பாலம்தானே அது? எண்ணிப் பார்த்தால் ஐந்து கண்தான் இருக்கிறது!
- வாசகர், தென்காசி

ஊர்க்காரர் கண்ணில் தப்ப முடியுமா! ஒரு கண் 25 செ.மீ., பதின்மூன்று என்றால் மூன்றேகால் மீட்டர், என் நேர்ப்பாதை மொத்தமே நாலு மீட்டர்தான், அதிலேதான் ஸ்டேஷனும் வர வேண்டும். கண்ணைச் சுருக்கிப் பதின்மூன்றும் வைத்து அட்டையில் வெட்டிப் பார்த்தேன், சீப்பு மாதிரி இருந்தது. மரச் சட்டத்தில் கான்கிரீட் ஊற்றி ஒவ்வொரு கண்ணாகச் செய்து, கருங்கல் வரி தெரிய ஈரத்திலேயே ஆணியால் கீறினேன். முதல் இரண்டும் பிளந்துவிட்டன, சட்டத்துக்கு எண்ணெய் தடவ மறந்துவிட்டேன். ஆறாவது கண்ணும் செய்து தயாராக ஷெட்டில் இருக்கிறது. அதை வைத்தால் சமையலறைக் கதவு திறக்காது.